கன்னித்திரை: உடற்கூறும் ஊர் நம்பிக்கையும்

2004ஆம் ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. குழந்தைநல மருத்துவர் நான்சி கெல்லாக்கும் அவருடைய சகாக்களும் கர்ப்பமாக இருந்த 36 பதின்வயதுப் பெண்களின் பிறப்புறுப்புப் பரிசோதனைகளை ஆராய்ந்திருந்தார்கள். உடலுறவு நடந்தது என்பதற்குக் கர்ப்பத்தைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஆனால் அந்த 36 பேரில் 2 பேரிடம் மட்டுமே அதை உறுதியாகக் காட்டும் உடல் அடையாளம் இருந்தது. மற்ற 34 பேரின் உடலைப் பார்த்து, அனுபவம் மிக்க மருத்துவர்களால்கூட உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

முதலிரவுக்கு மறுநாள் படுக்கை விரிப்பைப் பார்க்கும் வீட்டிலும், வன்முறைக்கு ஆளான சிறுமியின் மருத்துவ அறிக்கையைப் புரட்டும் நீதிமன்றத்திலும், “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டுவிட்டே பரிசோதனையைத் தொடங்கும் மருத்துவமனையிலும் வேலை செய்வது ஒரே நம்பிக்கைதான். ஒரு பெண் உடலுறவு கொண்டிருக்கிறாளா இல்லையா என்பது அவள் உடலில் பதிந்திருக்கும், விவரம் தெரிந்தவர் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்பதே அது. இதற்கு உடற்கூறியலில் ஆதாரம் கிடையாது. கடந்த 40 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியிருக்கின்றன. அந்த அறிவு பொதுமக்களிடம் வந்து சேராததற்குப் பெண்கள் கொடுத்துவரும் விலை மிகப் பெரியது.

எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது

யோனிக்குள் ஆழத்தில் ஒரு மெல்லிய தோல் குறுக்காக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது, முதல் உடலுறவில் அது கிழிகிறது. கன்னித்திரை என்றதும் பலர் மனதில் எழும் சித்திரம் இதுதான். இது அடிப்படையிலேயே தவறு. கன்னித்திரை இருப்பது யோனியின் வாசலில். உள் இதழ்களை விலக்கினாலே கண்ணுக்குத் தெரியும். அது வாசலைச் சுற்றி ஓரமாக அமைந்த சளிச்சவ்வு மடிப்பு. நடுவில் திறப்பு உண்டு. மாதவிடாய் ரத்தமும் வெள்ளைப்படுதலும் அந்தத் திறப்பின் வழியாகத்தான் வெளியே வருகின்றன. பலர் நினைப்பதுபோல் அது முழுக்க மூடியிருந்தால், எந்தப் பெண்ணுக்கும் மாதவிடாய் வெளிவர வழியே இருக்காது.

கருவில் யோனி உருவாகும் விதத்தைப் பார்த்தால் இந்த மடிப்பு எப்படி வந்தது என்பது விளங்கும். யோனியின் மேல்பகுதி முல்லேரியன் நாளங்கள் என்ற கருக் குழாய்களிலிருந்தும், கீழ்ப்பகுதி சிறுநீர்ப் பாதையும் பிறப்புறுப்பும் பிரிவதற்கு முன்னிருக்கும் பொது அறையிலிருந்தும் வளர்கின்றன. இரண்டும் சேரும் இடம் முதலில் கெட்டியான திசுவாக இருந்து, பிறகு உள்ளே குடைந்து குழாயாகிறது. கீழ் எல்லையில் மிஞ்சும் சவ்வு பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே திறந்துவிடுகிறது. திறந்த பிறகு ஓரத்தில் நிற்கும் விளிம்புதான் கன்னித்திரை. அதற்குத் திட்டவட்டமான பணி ஏதும் இருப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை. யானை உட்பட வேறு சில பாலூட்டிகளிடமும் இத்தகைய சவ்வு இருக்கிறது. பெண்ணின் ஒழுக்கத்துக்குக் காவலாக இயற்கை இதைப் படைத்தது என்று சொல்வதற்கு உயிரியலில் இடமில்லை.

இதன் வடிவம் பெண்ணுக்குப் பெண் வேறுபடும். சிலருக்கு வட்ட வளையமாகவும், சிலருக்கு மேல்பக்கம் திறந்த பிறை வடிவிலும், சிலருக்குப் பூவிதழ்போல் ஓரம் மடிந்தும் இருக்கும். அரிதாக நடுவில் ஒரு பட்டை ஓடித் திறப்பை இரண்டாகப் பிரிக்கும், அல்லது சல்லடைபோல் பல சிறு துளைகள் இருக்கும். விளிம்பில் சிறு பிளவுகளும் மேடுகளும் பிறவியிலேயே காணப்படுபவை. பாலியல் அனுபவமே இல்லாத பெண்ணிடமும் அவை இருக்கும் என்பதால், பிளவைப் பார்த்ததும் கிழிந்திருக்கிறது என்று முடிவுகட்டுவது தவறு.

சிலர் கன்னித்திரை இல்லாமலேயே பிறப்பார்கள் என்றும் பலகாலமாகச் சொல்லிவந்தார்கள். கரோல் ஜென்னியும் சகாக்களும் 1987இல் 1,131 பெண் சிசுக்களைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில், அனைவருக்குமே கன்னித்திரைத் திசு இருந்தது. ஆக, இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே பொருந்தாது. அது எல்லோருக்கும் இருக்கிறது. எப்படி இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

ஒரே பெண்ணின் வாழ்நாளிலும் அது ஒரேபோல் இருப்பதில்லை. பிறந்த குழந்தையிடம் தாயின் ஈஸ்ட்ரோஜன் தாக்கத்தால் தடித்து மடிப்புகளோடு இருக்கும். சிறுவயதில் அந்த ஹார்மோன் குறைந்ததும் மெலிந்து, தொட்டாலே வலிக்கும் அளவுக்கு நுட்பமாகிவிடும். பூப்பெய்தும் பருவத்தில் சொந்த ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கியதும் மறுபடி தடித்து, மடிப்பு மடிப்பாகி, நன்றாக நெகிழும் தன்மையைப் பெறும். அப்போது அது சுருக்குப் பையின் வாயைப்போல விரிந்து கொடுக்கும், திரும்பவும் மடிந்துகொள்ளும். வளர்ந்த பெண்ணின் கன்னித்திரை கிழியாமலேயே உடலுறவு நடக்க முடிவது இந்த நெகிழ்ச்சியால்தான். குறிப்பிடத்தக்க நிரந்தர மாற்றம் பெரும்பாலும் சுகப்பிரசவத்தில் நேர்கிறது. அதன் பிறகு விளிம்பு சிறுசிறு சதைத் துணுக்குகளாக மிஞ்சும்.

ரத்தம் எங்கிருந்து வருகிறது

முதல் உடலுறவில் ரத்தம் வந்தே தீரும் என்பது இரண்டாவது நம்பிக்கை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் சாரா பேட்டர்சன்-பிரவுன் 1998இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதிய கருத்துரையில், தம்முடன் பணிபுரியும் பெண்களிடம் விசாரித்ததைக் குறிப்பிட்டிருந்தார். முதல் முறை தங்களுக்கு ரத்தம் வரவில்லை என்று 63 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். முறையான பெரிய ஆய்வாக இது நடத்தப்படவில்லை. ஆனாலும் மருத்துவ உலகத்துக்குள்ளேயே இந்த எளிய கேள்வியை யாரும் கேட்காமல் இருந்தார்கள் என்பதை அது எடுத்துக்காட்டியது.

கன்னித்திரையில் ரத்தக் குழாய்கள் குறைவு. சிறு கீறல் ஏற்பட்டாலும் பெரிதாக ரத்தம் கொட்டாது. முதல் உடலுறவில் ரத்தம் வரும்போது, பல நேரங்களில் அது யோனிச் சுவரின் சிராய்ப்பிலிருந்தே வருகிறது. பயத்தில் உடல் இறுகியிருப்பது, போதிய ஈரப்பசை சுரப்பதற்குள் அவசரப்படுவது, வலுக்கட்டாயம் ஆகியவையே சிராய்ப்புக்குக் காரணம். வலியும் பெரும்பாலும் இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கத்தால் வருவது. ரத்தக்கறையை ஒழுக்கத்தின் அடையாளமாகக் கொண்டாடும் குடும்பம், பல வேளைகளில் அந்தப் பெண்ணின் அச்சத்தையும் கணவனின் அவசரத்தையுமே கொண்டாடுகிறது. வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள் என்று அறிவுரை சொல்லி அனுப்பப்படும் பெண், வலிக்கும்போது நிறுத்தச் சொல்லும் உரிமை தனக்கு இருக்கிறது என்பதையே அறியாமல் போகிறாள்.

சைக்கிளும் குதிரையும்

கன்னித்திரையை வைத்துப் பெண்ணைச் சந்தேகிக்கக் கூடாது என்று வாதிடும் நல்லெண்ணக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. சைக்கிள் ஓட்டினாலும், குதிரை ஏறினாலும், ஓடி ஆடி விளையாடினாலும் அது கிழிந்துவிடலாம் என்பார்கள். என்சிஇஆர்டியின் 12ஆம் வகுப்பு உயிரியல் பாடநூலும் இந்தப் பட்டியலைத் தருகிறது. கன்னித்திரையை வைத்துப் பாலியல் அனுபவத்தை நம்பகமாகக் கணிக்க முடியாது என்று அதே பத்தியில் அது சரியாகவே முடிக்கிறது. ஆனால் பட்டியல் மட்டும்தான் மாணவர் மனதில் தங்குகிறது.

இந்த வாதத்துக்கு மருத்துவ ஆதாரம் மிகக் குறைவு. சைக்கிள் கம்பியின் மீதோ சுவரின் மீதோ கால்களை அகட்டியபடி விழும் சிறுமிகளுக்குக் காயம் படுவது பெரும்பாலும் வெளி இதழ்களிலும் அவற்றைச் சுற்றியும்தான். சற்று உள்ளடங்கிய கன்னித்திரை அத்தகைய விபத்துகளில் காயப்படுவது அரிது. மென்ஸ்ட்ருவல் கப்பும் டாம்பானும் நெகிழும் திறப்பின் வழியாக உள்ளே செல்பவை. அவற்றைப் பயன்படுத்துவதால் பெண் எதையும் இழப்பதில்லை.

இந்த வாதத்தில் ஆதாரக் குறைவைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெண்ணைக் காப்பாற்ற வந்த வாதம், உடலில் ஒரு முத்திரை இருக்கிறது, அது உடையக்கூடியது என்ற பழைய நம்பிக்கையை அப்படியே விட்டுவைக்கிறது. உடைந்ததற்கு வேறொரு கௌரவமான காரணத்தை மட்டும் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. விளைவாக, பெண் பிள்ளைக்கு சைக்கிளும் விளையாட்டும் வேண்டாம் என்று தடுப்பவருக்கே அது சாதகமாகிறது. முத்திரை என்று ஒன்று கிடையாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் சைக்கிளுக்கு ஜாமீன் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

அளந்து பார்த்த ஆய்வுகள்

உடலுறவு அனுபவம் உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் கன்னித்திரை எப்படி வேறுபடுகிறது என்பதை நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு. ஜாய்ஸ் ஆடம்ஸ் தலைமையில் 2004இல் வெளியான ஆய்வு 85 பதின்வயதுப் பெண்களைப் பரிசோதித்தது. தாங்கள் உடலுறவு கொண்டதுண்டு என்று சொன்ன 27 பேரில் 13 பேரிடம் பின்விளிம்பில் ஆழமான பிளவு காணப்பட்டது. இல்லை என்று சொன்ன 58 பேரில் 2 பேரிடமும் அதே பிளவு இருந்தது. இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இருப்பது உண்மை. ஆனால் அனுபவம் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அந்தப் பிளவு இல்லை. அனுபவம் இல்லை என்றவர்களில் சிலரிடம் பிளவு இருக்கிறது. எதிரே நிற்கும் ஒரு தனிப் பெண்ணைப் பார்த்து அவள் எந்தக் குழுவைச் சேர்ந்தவள் என்று சொல்ல இந்தக் கணக்கு உதவாது.

பலாத்காரம் நடந்திருந்தால் காயம் இருந்திருக்குமே என்ற கேள்வி அடுத்து வரும். ஜான் மெக்கானும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. கன்னித்திரையில் காயம் இருப்பது மருத்துவர்களால் உறுதி செய்யப்பட்ட 239 சிறுமிகளையும் பதின்வயதுப் பெண்களையும் அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். புள்ளி புள்ளியான ரத்தக் கசிவுகள் சிறுமிகளிடம் 48 மணி நேரத்திலும், பூப்பெய்தியவர்களிடம் 72 மணி நேரத்திலும் மறைந்துவிட்டன. மிக ஆழமான கிழிசல்கள் தவிர மற்றவை அடையாளம் விட்டுவைக்காமல் ஆறின. தழும்பு எவரிடமும் உருவாகவில்லை. வாய்க்குள் கடித்துக்கொண்ட காயம் எப்படிச் சுவடில்லாமல் ஆறுமோ, இந்தச் சளிச்சவ்வும் அப்படியே ஆறிவிடுகிறது.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் வன்முறை வழக்குகளில் இந்த உண்மைக்கு மிகப் பெரிய முக்கியத்துவம் உண்டு. ஆஸ்ட்ரிட் ஹெகரும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறைக்கு ஆளாகியிருக்கலாம் என்று மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட 2,384 குழந்தைகளில் 96.3 சதவீதம் பேரின் பரிசோதனை முடிவு இயல்பாகவே இருந்தது. மிரட்டப்பட்ட குழந்தை நாட்கள் பல கழித்துத்தான் வாய் திறக்கிறது. அதற்குள் காயம் ஏதும் இருந்திருந்தாலும் ஆறியிருக்கும். மருத்துவ அறிக்கையில் ‘கன்னித்திரை சேதமில்லை’ என்று வந்துவிட்டதாலேயே அந்தக் குழந்தை பொய் சொல்கிறது என்று முடிவு செய்தால், அது அறிவியலுக்கும் நீதிக்கும் செய்யும் துரோகம்.

மருத்துவம் உண்மையிலேயே தேவைப்படும் இடம்

கன்னித்திரை தொடர்பாக மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டிய நிலை ஒன்று இருக்கிறது. சுமார் 1,000 முதல் 2,000 பெண்களில் ஒருவருக்கு அந்தச் சவ்வு பிறப்பதற்கு முன் திறக்காமலேயே போய்விடுகிறது. பூப்பெய்தும் வயது வரை எந்தத் தொந்தரவும் தெரியாது. 13, 14 வயதில் மார்பு வளர்ந்திருக்கும், உடல் வாகு மாறியிருக்கும், ஆனால் பெண் ‘வயசுக்கு வரவில்லை’. மாதம் ஒருமுறை அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும், சில நாட்களில் தானாகச் சரியாகும். வயிற்றுவலி மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவார்கள். உண்மையில் அவளுக்கு மாதவிடாய் வந்துகொண்டுதான் இருக்கிறது. வெளியேற வழியில்லாத ரத்தம் யோனிக்குள்ளும் கருப்பையிலும் மாதாமாதம் சேர்கிறது. ஒருகட்டத்தில் அது சிறுநீர்ப் பாதையை அழுத்த, சிறுநீர் கழிக்கவே முடியாமல் அவள் அவசரச் சிகிச்சைக்கு வருவாள். வயிறு வீங்கியிருப்பதைப் பார்த்து வீட்டில் வேறு சந்தேகமும் எழும்.

இதைக் கண்டறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. உள் இதழ்களை விலக்கிப் பார்த்தால் நீலம் பாய்ந்த சவ்வு வெளியே புடைத்துத் தெரியும். மயக்க மருந்து கொடுத்துச் சவ்வில் சிறு திறப்பு உண்டாக்கினால், மாதக் கணக்கில் தேங்கிய கரும்பழுப்பு ரத்தம் கெட்டியாக வெளியேறும். வலி அன்றோடு தீரும். இவ்வளவு எளிய சிகிச்சைக்கும் சில குடும்பங்கள் தயங்குகின்றன. பின்னாளில் கல்யாணத்துக்குப் பிரச்சினையாகுமோ என்ற அச்சம் அவர்களை வாட்டுகிறது. அந்த அச்சத்தைக் கருதிக் கன்னித்திரையைக் கூடியமட்டும் காப்பாற்றிச் செய்யும் அறுவைமுறைகள்கூட மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

இதே அச்சம் ஸ்கேன் மையத்திலும் உண்டு. சினைப்பை நீர்க்கட்டிக்காகவோ தாங்க முடியாத மாதவிடாய் வலிக்காகவோ வரும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுதான். இல்லை என்றால், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீர்ப்பை நிரம்பும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். பிறகு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் மட்டும் எடுக்கப்படும். சினைப்பையையும் கருப்பையையும் கூடுதல் துல்லியமாகக் காட்டக்கூடிய யோனிவழி ஸ்கேனைப் பற்றி அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தைகூடப் பேசப்படுவதில்லை. அது வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். விளக்கிச் சொல்லி, அவள் சம்மதத்தைக் கேட்பது மருத்துவரின் கடமை. தாலியைத் தேடுவது அந்தக் கடமையில் சேராது.

நம்பிக்கையின் வரலாறு

கன்னித்திரை பற்றிய ஐயங்களும் மிகப் பழையவை. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் மருத்துவம் செய்த எபேசஸ் நகரத்து சொரானஸ், யோனியின் குறுக்கே ஒரு சவ்வு ஓடுகிறது என்பதே பிழை என்று தம் மகளிர் மருத்துவ நூலில் எழுதினார். உடலை அறுத்துப் பார்த்தபோது அப்படி எதுவும் தென்படவில்லை என்பது அவர் காட்டிய காரணம். 16ஆம் நூற்றாண்டில் உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் கன்னித்திரையை உடற்கூறு நூலில் விவரித்தார். அதே நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புரோஸ் பாரே அப்படி ஒன்று இருப்பதையே ஏற்கவில்லை. அறிஞர்கள் இப்படி மாறுபட்டுக்கொண்டிருந்தபோதும் சமூகம் தன் தீர்ப்பை முன்பே எழுதிவிட்டிருந்தது. சொத்தும் சாதியும் வாரிசும் தந்தை வழியில் இறங்கும் சமூகத்துக்குப் பெண்ணின் உடலுறவைக் கண்காணிக்க ஒரு சாட்சி தேவைப்பட்டது. உடலிலேயே அந்தச் சாட்சி இருப்பதாக நம்புவது அதற்கு வசதியாக இருந்தது.

இந்தியாவுக்கு இதன் நீதிமன்ற வடிவம் காலனிய மருத்துவ நீதியியல் வழியாக வந்தது. துர்பா மித்ராவும் மிருணாள் சதீஷும் 2014இல் ‘எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி’ இதழில் எழுதிய ஆய்வுக் கட்டுரை, பாலியல் வன்முறை வழக்குகளில் பெண்ணின் கற்பைச் சோதிக்கும் வழக்கம் மருத்துவ நீதியியல் பாடநூல்கள் வழியாகத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்பட்டதை விரிவாகக் காட்டுகிறது. யோனிக்குள் இரண்டு விரல்களைச் செலுத்தி, எளிதாகச் செல்கிறதா என்று பார்த்து, அந்தப் பெண் உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர் என்று மருத்துவர் எழுதும் இரு விரல் பரிசோதனை அப்படி நிலைத்ததே. விரல் உணரும் இறுக்கமும் தளர்வும் இடுப்புத்தளத் தசைகளைச் சார்ந்தவை. அச்சம், வயது, பிரசவம் என எத்தனையோ காரணங்களால் அவை மாறும். பெண்ணின் கடந்த காலத்தைப் பற்றி அவை எதையும் தெரிவிப்பதில்லை.

அரசுகளும் இந்தச் சோதனையை ஆயுதமாக்கியிருக்கின்றன. 1979 ஜனவரியில், திருமணம் செய்துகொள்வதற்காக லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில் வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியைக்குக் குடியேற்ற அதிகாரிகளின் ஏற்பாட்டில் கன்னித்தன்மைப் பரிசோதனை நடத்தப்பட்டது. மணமாகாதவர் என்று அவர் சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்ள இதைச் செய்தார்களாம். ‘கார்டியன்’ நாளிதழ் அதை வெளிக்கொண்டு வந்ததும் இந்தியாவிலும் பிரிட்டனிலும் கொந்தளிப்பு எழுந்தது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலகங்களிலும் குறைந்தது 80 பெண்கள் இவ்வாறு பரிசோதிக்கப்பட்டது பிற்காலத்தில் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. அதே பிரிட்டன் 2022இல் கன்னித்தன்மைப் பரிசோதனையையும், கன்னித்திரையைத் தைத்துச் சீரமைக்கும் ஹைமனோபிளாஸ்டி அறுவையையும் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது.

சட்டமும் மருத்துவக் கல்வியும்

இந்தியாவில் மாற்றம் படிப்படியாக வந்தது. பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழு 2013 ஜனவரியில் அளித்த அறிக்கையிலேயே இரு விரல் பரிசோதனையைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், அந்தப் பரிசோதனை பெண்ணின் அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டு நெறிமுறைகள் அதைத் தடைசெய்தன. இருந்தும் பரிசோதனை நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சிறுமிகள் தொடர்பான வழக்குகளில்கூட மருத்துவ அறிக்கைகளில் அது இடம்பெறுவதைச் சுட்டி, உடனடியாகத் தடை செய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது. இனி இதைச் செய்பவர்கள் தொழில்முறை ஒழுங்கீனம் புரிந்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்றது. மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்தவும் ஆணையிட்டது.

2023 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அடுத்த அடியை எடுத்துவைத்தது. கேரளக் கொலை வழக்கு ஒன்றில் குற்றம் சாட்டப்பட்டிருந்த கன்னியாஸ்திரிக்கு விசாரணையின்போது கன்னித்தன்மைப் பரிசோதனை நடத்தியது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு உரிய கண்ணியம், குற்றம் சாட்டப்பட்ட பெண்ணுக்கும் உரியது என்பது இதன் சாரம்.

நீதிமன்றம் தடுப்பதை வகுப்பறை திரும்ப வளர்க்கக் கூடாது. சேவாகிராம் மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவ அறிஞர் இந்திரஜித் காண்டேகர் தொடர்ந்து வலியுறுத்தியதன் பயனாக, மகாராஷ்டிர சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் 2019இல் ‘கன்னித்தன்மையின் அறிகுறிகள்’ என்ற பாடப்பகுதியை நீக்கியது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் பாடத்திட்டத்தைத் திருத்தி, இத்தகைய சோதனைகள் அறிவியலுக்கும் மனிதத்துக்கும் புறம்பானவை என்று கற்பிக்கச் சொன்னது. ஆனால் 2024 ஆகஸ்ட் இறுதியில் அதே ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில் கன்னித்தன்மையும் கன்னித்திரையின் முக்கியத்துவமும் மறுபடி தலைகாட்டின. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. ஒருமுறை வென்றுவிட்டால் போதும் என்று யாரும் உட்கார்ந்துவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

உலக அளவில், 17 ஆய்வுகளைத் தொகுத்து ரோஸ் ஓல்சனும் கிளாடியா கார்சியா-மொரேனோவும் 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வு, கன்னித்தன்மைப் பரிசோதனையால் எதையும் கண்டறிய முடியாது, அது பெண்ணுக்கு உடலளவிலும் மனத்தளவிலும் தீங்கு செய்கிறது என்று முடித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. மனித உரிமை அலுவலகம், ஐ.நா. பெண்கள் அமைப்பு மூன்றும் சேர்ந்து இதை உலகெங்கும் ஒழிக்க அறைகூவல் விடுத்தன.

இனி செய்ய வேண்டியது

பரிசோதனையால் கண்டுபிடிக்க முடியாது என்பதால் மட்டும் அது தவறாகிவிடவில்லை. நாளையே துல்லியமான ஒரு சோதனை வந்தாலும், ஒரு பெண்ணின் கடந்த காலத்தை அவள் உடலில் தேடும் உரிமை கணவனுக்கோ மாமியாருக்கோ அரசுக்கோ கிடையாது. கன்னித்தன்மை மருத்துவ நிலையே அல்ல. அது சமூகம் பெண்ணுக்கு மட்டும் விதித்த அளவுகோல். ஆணின் உடலில் அப்படியோர் அடையாளத்தை இந்தச் சமூகம் தேடுவதில்லை. பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூல் கற்பு பற்றிய அத்தியாயத்தோடு தொடங்குவது காரணமில்லாமல் இல்லை. மணப்பெண்ணின் கன்னித்தன்மையை எதிர்பார்ப்பது பற்றி 2005இல் நடிகை குஷ்பு சொன்ன கருத்துக்காகத் தமிழகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டதையும், 2010இல் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே இது எவ்வளவு கொதிக்கும் பேச்சு என்பது தெரிந்ததே. அதனால்தான் அறிவியல் உண்மையைத் தெளிவாகவும் அடிக்கடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளியில் இனப்பெருக்கப் பாடத்தைத் தாண்டிப் புரட்டாமல், மாணவருக்கும் மாணவிக்கும் சேர்த்து நடத்த வேண்டும். அப்படி நடத்தும்போது கன்னித்திரை கிழியும் காரணங்களின் பட்டியலுக்குப் பதிலாக அதன் வடிவங்களையும் நெகிழ்ச்சியையும் கற்பிக்க வேண்டும். 14 வயதாகியும் மாதவிடாய் வராமல் மாதாமாதம் அடிவயிறு வலிக்கும் பெண்ணை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு ஆசிரியையும் கிராமச் செவிலியரும் அறிந்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளைக் கையாளும் காவலர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும், இயல்பான பரிசோதனை முடிவு குற்றம் நடக்கவில்லை என்று நிரூபிக்காது என்பதைப் பயிற்சியிலேயே புகட்ட வேண்டும். மருத்துவர்களிடம் ‘கன்னித்தன்மைச் சான்றிதழ்’ கேட்டு வரும் குடும்பத்துக்கு, அப்படி ஒரு சான்றிதழ் தர மருத்துவத்தால் முடியாது என்ற ஒரே பதிலை எல்லா மருத்துவமனைகளும் சொல்ல வேண்டும். மகளைத் திருமணத்துக்குத் தயார் செய்யும் தாய், ரத்தம் வராவிட்டால் என்ன சொல்வார்களோ என்ற பயத்தைக் கொடுத்து அனுப்பாமல், வலித்தால் நிறுத்தச் சொல் என்ற உரிமையைக் கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டும். மகனுக்கும் அதே பாடத்தை அதே தெளிவோடு சொல்லித்தர வேண்டும்.